ஒரே பள்ளத்தில் இரண்டு பைப்: பெரும்பாக்கம் வீட்டு மண்வேலைக்கு என் மதிப்பெண்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்றில் அரை மதிப்பெண் கரையான் மருந்துக்கு. மீதி அரை பக்கவாட்டுப் பாதையில் மண் மூடிய லட்சணத்துக்கு. இரண்டும் பின்னால் வருகிறது. மேஸ்திரியின் பெயரைப் போடவில்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார். "போன் அடிச்சிக்கினே இருக்கும்மா. கையில ஏற்கெனவே மூணு சைட்டு" என்றார்.

எங்கள் மனை பெரும்பாக்கம் பக்கம். முக்கால் கிரவுண்ட், 30-க்கு 60, கிழக்குப் பார்த்தது, ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம். வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை. நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மொத்த வீட்டையும் ஒருவரிடம் சதுர அடிக் கணக்கில் ஒப்படைக்காமல், வேலைகளைப் பிரித்துக் கொடுத்து நாமே நின்று கட்டலாம் என்று முடிவெடுத்தது காசு மிச்சமாகும் என்றுதான். மிச்சமானதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த நோட்டை நான் இன்னும் கூட்டவில்லை.

இவரிடம் கொடுத்த வேலை இவ்வளவுதான்: அஸ்திவாரத்துக்குப் பள்ளம் எடுப்பது, உள்ளே மண் அடைப்பது, கரையான் மருந்து, தரைக்குக் கீழே போகும் கழிவுநீர் பைப், சேம்பர் (பைப் வழியைத் திறந்து பார்க்கும் சிறு தொட்டி), செப்டிக் டேங்க், சம்ப் (தரைக்குள் கட்டும் தண்ணீர்த் தொட்டி), மழைநீர்க் குழி. கம்பியும் கான்கிரீட்டும் சுவரும் வேறு ஆள், வேறு கதை.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதல் ஆள் மனையைப் பார்க்காமலே போனில் விலை சொன்னார். இரண்டாவது ஆள் வந்தார், காரை விட்டு இறங்கவில்லை. மூன்றாவதாக வந்த இவர், ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல்லில் பிளாஸ்டிக் டியூப் சுருளை மாட்டிக்கொண்டு வந்து, விலையைப் பற்றிப் பேசாமல் ஒரு கேள்வி கேட்டார்: "போன டிசம்பர்ல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?"

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் பக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாயைப் பிடிக்க வேண்டும். அதுவரை தெருவில்தான் நிற்கும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவரில் காபி நிறத்தில் கறை அப்படியே இருந்தது. மேஸ்திரி டியூபில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைக் கறையில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை எங்கள் வாசல் எதிரே இருந்த மின்கம்பத்துக்குக் கொண்டுபோனார். தண்ணீர் நிதானமாகி நின்ற இடத்தில் காவி பெயின்ட்டால் ஒரு கோடு. ரோட்டிலிருந்து 1 அடி 10 அங்குலம். "இதுக்கு மேல எவ்ளோ வேணும்னு வீட்ல பேசிச் சொல்லுங்க. அப்பறம் ரேட்டு பேசலாம்."

அந்த ஒரு கோட்டுக்காகத்தான் இவருக்கு வேலையைக் கொடுத்தேன். பிறகு எல்லா அளவும் அங்கிருந்துதான் எடுக்கப்பட்டது. பீம் மட்டம், பைப் மட்டம், டேங்க் மூடி, சம்ப் வாய், எதற்கும் டியூபை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பத்துக்குத்தான் ஓடினார்கள். கம்பத்தில் யாரோ ஹோம் டியூஷன் நோட்டீஸ் ஒட்டி அந்தக் கோட்டை மறைத்தபோது இவர் போட்ட சத்தத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

தரை மட்டம் ரோட்டிலிருந்து மூன்றடி என்று முடிவானது. அதாவது வெள்ளக் கோட்டுக்கு மேல் 14 அங்குலம். எங்கள் அத்தைக்கு இதில் சம்மதமே இல்லை. அவருக்கு முழங்கால் வலி. மூன்றடி என்றால் அரையடி உயரத்தில் ஆறு படி. "பழனி மலையா கட்டுறீங்க?" என்று கேட்டார். மேஸ்திரி அவரிடம் பணிவாகத்தான் சொன்னார்: "ரோடு வளரும்மா. ஒவ்வொரு வாட்டி போடும்போதும் நாலு அங்குலம், அஞ்சு அங்குலம் ஏறிடும். வீடு வளராது." பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று உத்தரவெல்லாம் இருக்கிறது. ஆனாலும் மேற்கு மாம்பலம் பக்கம் பழைய வீடுகளில் வாசலிலிருந்து கீழே இறங்கி உள்ளே போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அத்தைக்குக் கைப்பிடிக் கம்பியோடு அகலமான படி என்று சமாதானம் செய்தோம். அந்தக் கைப்பிடிக்கு ஆன செலவு தனி.

மாசி 22 வாஸ்து நாளில் பூஜை போட்டு வேலையைத் தொடங்கினோம். மண் பரிசோதனை அறிக்கையில் ஆறடி வரை கருப்புக் களி, அதற்குக் கீழே கெட்டியான மஞ்சள் முரம்பு என்று இருந்தது. எனவே இன்ஜினீயர் ஆறரை அடி ஆழத்தில் 12 குழி கேட்டார். ஜே.சி.பி. ஒன்றரை நாளில் தோண்டிவிட்டது. தோண்டுவது பெரிய விஷயமில்லை. மார்ச் மாதம்கூட நாலரை அடியிலேயே தண்ணீர் ஊறியது. களிமண் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், அடியில் தண்ணீர் பட்டால் பக்கவாட்டில் அப்படியே வழுக்கிக்கொண்டு உட்காரும். மேஸ்திரி ஒவ்வொரு குழியிலும் பலகை வைத்து, குறுக்கே சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் ஆளை இறக்கினார். "ரெண்டு நாளைக்கு எதுக்கு அண்ணா இவ்வளவு கட்டை வாடகை?" என்று நான் கேட்டேன். கணக்குப் புத்தி. அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை முட்டுக் கொடுக்காமல் விட்டிருந்த ஒன்பதாவது குழியின் வடக்குப் பக்கம் இடிந்து பாதி தூர்ந்திருந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கட்டை வாடகையைப் பற்றி அப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

ஏப்ரலில் ஐந்து நாள் வேலை நின்றது. 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல், ஆட்கள் எல்லாரும் ஓட்டுப் போட விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள். இதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம். பதினேழாம் தேதி காலையில் ஆள் இல்லாத சைட்டுக்கு வந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. தாமதத்துக்கு முன்கூட்டித் தகவல் தரும் பழக்கம் இவரிடம் அறவே கிடையாது. இதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது மண் அடைப்பது. தோண்டிய களியை வீட்டுக்கு உள்ளேயே போட்டு மூடினால் செலவு மிச்சம். இரண்டாவது ஆள் அப்படித்தான் விலை கொடுத்திருந்தார். இவர் முடியாது என்றார். களி ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும், மேலே போட்ட டைல்ஸ் அதோடு சேர்ந்து ஆடும். ஆகவே உள்ளே அடைப்பதற்கு வெளியிலிருந்து சவுடு மண். 24-க்கு 40 வீடு, நாலடி உயரம். 14 லோடு என்று ஒப்பந்தத்தில் இருந்தது, லோடுக்கு மூன்று யூனிட். யூனிட் என்றால் நூறு கன அடி, இது கட்டுமானத்துக்கு வந்த முதல் நாளே எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம்.

நான் என்ன செய்தேன் என்றால், முதல் லாரி வந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு டயர் மேல் ஏறிவிட்டேன். உள்பக்கம் 12 அடி நீளம், ஆறரை அடி அகலம், மூன்றரை அடி உயரம். பெருக்கினால் 273. அதாவது 2.73 யூனிட். டிரைவர் தம்பி, "மேடம், தட்டுக்கு மேல கும்பாச்சி இருக்கே" என்றான். கும்பாச்சி ஒரு ஓரத்தில்தான் இருந்தது. எல்லா லாரியையும் நோட்டில் குறித்தேன்: தேதி, நேரம், வண்டி நம்பர். கடைசியில் மேஸ்திரி 18 லோடு என்றார், என் நோட்டில் 17. கொட்டிய மண் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்ததும் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும் என்பதால் அதிக லோடு தேவைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் லோடு மூன்று யூனிட்டாக இருந்திருந்தால் பதினைந்தரையிலேயே முடிந்திருக்கும். அரை மணி நேரம் வாக்குவாதம். கூடுதல் இரண்டு லோடுக்கு மட்டும் பணம் என்று முடிந்தது. அவர் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார், எனக்கும் ஒரு டீ சேர்த்து வாங்கி வந்தார்.

அடைத்த விதத்தில் குறை சொல்ல முடியாது. முக்கால் அடி கனத்துக்கு ஒரு அடுக்கு, தண்ணீர், திமிசு, மறுபடி அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டித் தண்ணீர் பாய்ச்சிவிட்டு "உட்கார்ந்திரும்" என்று சொல்லும் வேலை இங்கே நடக்கவில்லை. வீட்டுக்குள் இன்றுவரை ஒரு டைல்ஸ் இறங்கவில்லை.

இப்போது கரையான் மருந்து. தரைக்கு அடியில் போடும் பெட் கான்கிரீட்டுக்கு முன்னால், அடைத்த மண்மேல் தெளிக்க வேண்டியது. ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை. எங்கள் வீடு 960 சதுர அடி, சுமார் 89 சதுர மீட்டர். 445 லிட்டர் கலவை வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்தென்றால் ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர். அப்படியானால் மருந்து மட்டும் 22 லிட்டர். இவருடைய ஆள் கொண்டுவந்தது ஒரு ஐந்து லிட்டர் கேன். அதைப் பூவாளியில் கலந்து, கோயிலில் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி தெளிக்கத் தொடங்கினார். நான் நிறுத்தினேன். மேஸ்திரிக்குப் போன். "எல்லா சைட்லயும் இப்டித்தான்மா அடிப்போம், வாசனை வந்தா போதும்" என்றார். எனக்கு வாசனை வேண்டாம், மருந்து வேண்டும் என்றேன். மறுநாள் மூன்று கேன் வந்தது, அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதுவும் என் முன்னால்தான் கலந்தார்கள். மட்டத்துக்காக மின்கம்பத்துக்கு ஓடுகிற மனிதர் மருந்தில் இப்படிச் செய்தது எனக்கு இன்னும் புரியவில்லை. நான் சைட்டில் இல்லாத நாள் என்றால் ஐந்து லிட்டரோடு முடிந்திருக்கும். ஆகவே அரை மதிப்பெண் போச்சு.

ஆனால் பைப் வேலையில் இவரை மிஞ்ச ஆள் இல்லை.

பிரச்சினை வாஸ்துவில் தொடங்கியது. செப்டிக் டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கில்தான் இருக்க வேண்டும் என்பதில் அத்தை உறுதி. எங்கள் மனையில் வாயு மூலை பின்பக்கம், ரோடு முன்பக்கம். எங்கள் தெருவில் இன்னும் பாதாளச் சாக்கடை இல்லை. ஒருநாள் வந்தால், வீட்டின் கழிவுநீர் முழுக்கப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், இணைப்பு முன்னால் இருக்கும். அப்போது சிமென்ட் தரையை உடைத்து எல்லாவற்றையும் திருப்ப வேண்டும். "டேங்கை முன்னாடி வெச்சிரலாமே" என்று மேஸ்திரி ஒருமுறை கேட்டார். அத்தை பார்த்த பார்வையில் இரண்டாம் முறை கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

வடக்குப் பக்கச் சந்தில் எப்படியும் ஒரு பள்ளம் எடுக்கிறோம். அதே பள்ளத்தில் இரண்டு ஆறு அங்குல பைப். ஒன்று முன்னாலிருந்து பின்னால் டேங்குக்குச் சரிகிறது. இன்னொன்று, அதைவிட ஆழத்தில், டேங்கின் வெளிவாய்க்குப் பக்கத்தில் தொடங்கி முன் கேட்டை நோக்கிச் சரிகிறது. இரண்டாவது பைப்புக்கு இப்போது வேலையே இல்லை. இரு முனையிலும் மூடி போட்டு மண்ணுக்குள் தூங்குகிறது. ரோட்டில் சாக்கடை வருகிற நாளில் பின்னால் ஒரு மூடியைக் கழற்றி டேங்க் வெளிவாயோடு சேர்த்து, முன்னால் ஒரு மூடியைக் கழற்றி ரோட்டு இணைப்போடு சேர்த்தால் முடிந்தது. கூடுதல் செலவு 14,000 ரூபாய். "வேலை இல்லாத பைப்புக்குப் பதினாலாயிரமா?" என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். தரையை உடைத்துத் திரும்பப் போட என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், கையை எடுத்துவிட்டார்.

சரிவுக் கணக்கை எனக்கு இவர் சொல்லிக்கொடுத்த விதம் பிடித்தது. நாலு அங்குல பைப்புக்கு நாற்பதுக்கு ஒன்று, அதாவது பத்தடிக்கு மூன்று அங்குலம். ஆறு அங்குல பைப்புக்கு அறுபதுக்கு ஒன்று, இருபதடி நீளமுள்ள ஒரு முழு பைப்புக்கு நாலு அங்குலம். "கம்மியா குடுத்தா எதுவும் போகாது. ஓவரா குடுத்தா தண்ணி மட்டும் ஓடிரும், கெட்டி அப்டியே நின்னுரும். ரெண்டுமே அடைப்புதாம்மா." பைப்புக்கு அடியில் நாலு அங்குலம் கிரஷர் தூள் மெத்தை. பைப் எங்கேயும் கல்லில் உட்காரக் கூடாது, ஜாயின்ட்டுக்குக் கீழே கையால் தோண்டி இடம் விட வேண்டும். திருப்பம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரைக்கு ஒன்றரை சேம்பர், உள்ளே பூசி, அடியில் பாதி வட்டமாக வாய்க்கால் வளைத்து. இதைப் பூசியது ஒரு வயதான கொத்தனார், கரண்டியை வைத்துவிட்டுக் கையால் தடவியே வளைவை எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.

பிறகு எலுமிச்சம்பழம். பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சியது என்று நினைக்காதீர்கள், இதற்கென்றே ஆறு பழம் வாங்கி வரச் சொன்னார். மேல் சேம்பரில் ஒரு பழத்தைப் போட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அது உருண்டு கீழ்ச் சேம்பரில் வந்து விழ வேண்டும். வழியில் நின்றால் அந்த இடத்தில் பைப் தொய்ந்திருக்கிறது அல்லது ஜாயின்ட்டில் பசை பிதுங்கி மேடு கட்டியிருக்கிறது. ஐந்து பழம் வந்தது. சமையலறை லைனில் போட்டது வரவில்லை. தோண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சிமென்ட் உருண்டை. யாரோ மூடி போடாமல் விட்டதால் விழுந்திருக்கிறது. அதற்கு ஒரு பையன் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. கீழ்முனையை அடைத்து, லைன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மேல் சேம்பரில் பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் காலை வரை விட்டார். மூன்றாவது ஜாயின்ட்டில் கசிவு. அறுத்து மாற்றி மறுபடி நிரப்பினார். இரண்டாம் நாள் கோடு அப்படியே இருந்தது. இது எதையும் நான் கேட்கவில்லை. இப்படி ஒரு சோதனை இருப்பதே எனக்குத் தெரியாது. இதே மனிதர்தான் ஐந்து லிட்டர் கேனோடு வந்தவர்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. சமையலறை லைன் வெளியேற, தரை மட்டத்தில் ஓடும் பிளிந்த் பீமில் முன்கூட்டியே ஒரு ஓட்டை விட்டிருக்க வேண்டும், கான்கிரீட் போடும் முன் சிறு பைப் துண்டை வைத்து. மறந்துவிட்டார். மறுநாள் ஆள் உளியும் சுத்தியலுமாக பீமை உடைக்க உட்கார்ந்துவிட்டான். நல்லவேளை அன்று சனிக்கிழமை, நான் சைட்டில் இருந்தேன். இன்ஜினீயர் வந்து இடத்தைக் குறித்துக் கொடுத்து, கோர் கட்டிங் மெஷினால் வட்டமாக அறுத்தோம். செலவை ஆளுக்குப் பாதி என்று அவரே சொன்னார். என் பங்கு 1,200.

செப்டிக் டேங்க் பற்றி இரண்டே வார்த்தை. மற்ற இருவரும் "உறை இறக்கி விட்டுடலாம்" என்றார்கள், அதாவது அடியில்லாத சிமென்ட் வளையம். நாலரை அடியில் தண்ணீர் ஊறுகிற ஊரில் அது நேராக நம் போரிலும் பக்கத்து வீட்டுப் போரிலும் கலக்கும். இவர் அடியில் கான்கிரீட் போட்டு, 7-க்கு 4, நடுவில் தடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு முதல் அறை என்று கட்டினார். இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி, லாரி ஓஸ் நேராக இறங்குகிற மாதிரி. "எந்தக் காலத்துலயும் ஆள் எறங்கக் கூடாதும்மா" என்றார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-இல் வந்த சட்டமும் தடை செய்கிறது. வெளிவரும் தண்ணீர் போருக்கு எதிர் மூலையில் ஒரு உறிஞ்சு குழிக்குப் போகிறது. களிமண்ணில் அது மழைக்காலத்தில் உறிஞ்சாது. அதையும் அவர் மறைக்கவில்லை. சொன்னபடியே 2025 மழையில் இரண்டு முறை லாரி கூப்பிட்டோம்.

மழைநீர்க் குழியில் இவருக்கு அக்கறை போதாது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதனால் "காட்டுறதுக்கு ஒண்ணு" என்று மூன்றடிக் குழி போதும் என்றார். களியில் மூன்றடிக் குழி என்றால் அது தொட்டி. நான் விடவில்லை. குழிக்கு நடுவில் கை போர் போட்டு 14 அடி வரை துளைத்து, முரம்புக்குள் இறக்கி, ஜல்லி நிரப்பினார். மொட்டை மாடித் தண்ணீர் இப்போது உண்மையிலேயே இறங்குகிறது.

2024 அக்டோபர் 14, திங்கள்கிழமை சாயங்காலம். மறுநாள் பள்ளி, கல்லூரிக்கெல்லாம் லீவு விட்டாயிற்று, வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வீடு அப்போது செங்கல் சுவராக நின்றது. செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர் நிரப்பி இருந்தது. சம்ப் மட்டும் அடியும் சுவரும் முடிந்து, மேல் ஸ்லாப் போடாமல், தகரம் போட்டு மூடிக் காலியாக இருந்தது. மேஸ்திரி போன் செய்தார். இவர் பணி முடிந்து, பணமும் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

"அம்மா, சம்ப்பு காலியாத்தான இருக்கு? மோட்டாரப் போட்டு ரொப்பிருங்க."

மழை கொட்டப் போகிறது என்று ஊரே நடுங்கும்போது, போர் மோட்டாரைப் போட்டுச் சம்ப்பை நிரப்பச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "மெதக்கும்மா" என்றார். என்ன மிதக்கும்? "சம்ப்பு."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். வெளி அளவு 8-க்கு 6-க்கு 6. 288 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் சுமார் 28 கிலோ. சுற்றிலும் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் எட்டு டன் கீழிருந்து தள்ளும். ஸ்லாப் இல்லாத சம்ப்பின் எடை எவ்வளவு என்று இன்ஜினீயருக்கு அந்த நேரத்தில் வாட்ஸ்அப் செய்தேன். "ஆறரை டன் வரும் மேடம், ஏன்?" என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சைட்டுக்கு ஓடினார். இரவு பதினொன்றரை வரை மோட்டார் ஓடியது. அந்த வாரம் இரண்டு தெரு தள்ளி, கட்டி முடிக்காத ஒரு வீட்டில் காலித் தொட்டி ஒன்று ஒரு பக்கம் முக்கால் அடி தூக்கிக்கொண்டு நின்றதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பைப் எல்லாம் பிய்ந்து கிடந்தது. எங்களுடையது அசையவில்லை. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்றும் அப்படியே நிரம்பித்தான் இருந்தது. கொசு வராமல் பிளீச்சிங் பவுடர் போட்டதுதான் கூடுதல் வேலை.

பணக் கணக்கு, கேட்பவர்களுக்காக. ஒப்பந்தம் 3,95,000. இதில் கம்பி, கான்கிரீட் சேராது. அதற்கு மேல் இரண்டாவது பைப் 14,000, சவுடு இரண்டு லோடு 15,000, தண்ணீர் இறைக்க டீசல் 8,900, கோர் கட்டிங் 1,200. மொத்தம் 4,34,100. மூவரில் இவர்தான் விலை அதிகம். ரசீது எதுவும் அச்சடித்துக் கொடுக்க மாட்டார், சிகரெட் அட்டையில் எழுதுவார். நான்தான் நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அதற்கு அவர் தயங்கியதே இல்லை.

மீதி அரை மதிப்பெண்ணுக்கு வருகிறேன். 2025 தை மாதம் குடிவந்தோம். அடுத்த மழைக்காலத்தில், டிசம்பரில், வடக்குச் சந்தில் போட்டிருந்த இன்டர்லாக் கல் ஒரே நேர்க்கோட்டில் ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது. சரியாக அந்த இரண்டு பைப் போகிற பள்ளத்துக்கு மேலே. பைப்பைச் சுற்றிக் கிரஷர் தூள் போட்டவர், அதற்கு மேலே தோண்டிய களிக் கட்டிகளையே தள்ளி, திமிசு போடாமல் மூடியிருக்கிறார். வீட்டுக்கு உள்ளே அடுக்கடுக்காக அடித்த அதே ஆட்கள்தான். உள்ளே செய்ததை வெளியே செய்யவில்லை. நான்கு முறை போன் செய்தேன். ஐந்தாவது முறை நான் செய்யவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரே அந்த எக்ஸெல்லில் ஒரு பையனோடு வந்து நின்றார்.

முதலில் சேம்பர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்னிடம் எலுமிச்சம்பழம் கேட்டார். பிரிட்ஜில் ஒன்று இருந்தது. போட்டார், தண்ணீர் ஊற்றினார், கீழே போய்க் காத்திருந்தார், வந்தது. அதன் பிறகுதான் கல்லைப் பெயர்த்தார்கள். களியை அள்ளிக் கொட்டிவிட்டு, தூள் போட்டு, திமிசு அடித்து, கல்லைத் திரும்ப அடுக்க மதியம் இரண்டு மணி ஆனது. அத்தை இருவருக்கும் சாப்பாடு போட்டார். கூலி வேண்டாம் என்றவர், நாலு மூட்டை தூளுக்கும் ஆட்டோவுக்கும் 650 ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது மின்கம்பத்துக்குப் போய் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, மங்கியிருந்த கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எதிர் மனையில் அடுத்த மாதம் பூஜையாம்.